டயர் சொன்ன சேதி

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது தோழிகள் நட்பு, தாய்மை, தாய்மொழி என்று நல்ல தலைப்புகளையெல்லாம் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது டயர்! சிரிக்காதீர்கள். டயரைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. என் தாத்தா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். என் அப்பா இருபத்தெட்டு ஆண்டுகள் கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லோரி ஓட்டியவர். 1876-இல் ஹென்ரி விக்ஹம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன இரப்பர் விதைகள் இலண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. அடுத்த ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். நம்மில் பலருடைய முன்னோர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த கதையில் இவ்விரண்டுக்கும் பங்குண்டு. ஆகவே, டயர் நமக்கு அந்நியமன்று. ஒரு வகையில் உறவுக்காரன் எனலாம்.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாங்கள் ‘காடி’ என்போம். தமிழ்ப்பள்ளியில் ‘மகிழுந்து’ என்று எழுதினால்தான் ஆசிரியை சரி போடுவார். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அது ‘கெரெத்தா’ ஆகிவிட்டது. பட்டறையில் இந்த மூன்றும் கலந்து ஒலிக்கும். கூடவே கொஞ்சம் ஹொக்கியனும் சேரும். இக்கட்டுரையில் காடி என்றே எழுதுகிறேன். தமிழாசிரியர்கள் பொறுத்தருள்க.

காடி என் அண்ணனுடையது. பெரோடுவா மைவி. 2005-இல் இந்நாட்டுச் சாலைகளுக்கு வந்த மைவியை இங்கே அறியாதவர் யார்? அண்ணன் வாங்கியது நான்காவது கை. துறைமுகத்தில் ஒரு கிடங்கில் இரவு ஷிப்டு பார்த்துச் சேர்த்த பணம். வாங்கிய மூன்றாம் மாதமே பழைய ரிம்மைக் கழற்றிவிட்டு 15 அங்குல ரிம்மும் 195/50 அளவு டயரும் போட்டார். அதற்கடுத்த மாதம் ஸ்பிரிங்கை மாற்றிக் காடியைத் தாழ்த்தினார். சக்கரத்துக்கும் மட்கார்ட்டுக்கும் இடையில் இரண்டு விரல்தான் நுழையும். “இப்பதான் பார்க்க காடி மாதிரி இருக்கு” என்றார். அம்மா, “ஏன்டா, உக்கார்ந்தா தரையில உக்கார்ந்த மாதிரி இருக்கு” என்றார். இருவர் சொன்னதும் உண்மைதான்.

அதே காலத்தில்தான் அப்பாவின் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. இனிப்புநீர் நோய் கண்ணின் உட்திரையைத் தாக்கியிருந்தது. முதலில் இரவில் லோரி ஓட்டுவதை நிறுத்தினார். பிறகு பகலிலும். ஒரு நாள் லோரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் பேருந்தில் வீடு திரும்பினார். அதன் பிறகு முன்வாசல் நாற்காலிதான். வீட்டில் எந்தச் சாமான் பழுதானாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவோம். அப்போதிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவர் மனம் நோகுமோ என்று பயம். கூப்பிடாததால் எவ்வளவு நொந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வாழையிலைச் சாப்பாடும், பூக்கடையும், 2010-இல் திறக்கப்பட்ட லிட்டில் இந்தியாவும். அங்கேதான் 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இருக்கிறது. அந்த வட்டாரத்தின் நடைபாதைகளில் பதித்திருக்கும் மஞ்சள் நிறத் தடக்கற்களைப் பலமுறை மிதித்துக் கடந்திருப்போம். சில நேரங்களில் அவற்றின் மேல் மோட்டார் சைக்கிளையும் நிறுத்திவிடுகிறோம்! பார்வை இழந்தவர்கள் வெண்கோலைக் கொண்டு நடக்க அங்கே கற்றுத்தருகிறார்கள் என்று என் தோழி சொன்னாள். அப்பாவிடம் சொன்னபோது, “இந்த வயசுல போயி குச்சி புடிச்சி நடக்கப் பழகணுமா?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இரண்டு மாதம் அம்மா விடாமல் பேசிய பிறகு சம்மதித்தார். அண்ணனின் ஓய்வு நாளில் வாரம் ஒரு முறை கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போவது என்று முடிவாயிற்று. பல்கலைக்கழக விடுமுறையில் நானும் பின்னிருக்கையில் தொற்றிக்கொள்வேன்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். சத்தம் தொடங்கியது அந்தப் பயணங்களில்தான். முதலில் மெல்லிய ‘ம்ம்ம்’ என்ற முனகல். இரண்டு மூன்று வாரத்தில் அது வளர்ந்து, 80 கிலோமீட்டர் வேகத்தில் வானொலியை முழுவதும் திறந்தாலும் கேட்காத அளவுக்கு ஊளையாகிவிட்டது. அண்ணன் கிள்ளானில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். பெயர் வேண்டாம். காடியைச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்த அந்த ஆள், “பேரிங் போச்சு” என்று தீர்ப்புச் சொன்னார். முன்பக்கம் இரண்டு பேரிங்கும் மாற்றி 320 ரிங்கிட் வாங்கிக்கொண்டார். வெளியே வந்தால் சத்தம் அப்படியே இருந்தது!

“புது பேரிங் செட் ஆகணும்னு சொன்னாங்க” என்றார் அண்ணன், அடுத்த வாரப் பயணத்தில். யாரிடம் என்றில்லாமல் பொதுவாகச் சொன்னார்.

முன்னிருக்கையில் சாய்ந்திருந்த அப்பா, “வானொலிய அடை” என்றார். அடைத்தார். “கண்ணாடியையும் ஏத்து.” ஏற்றினார். பத்து மாதத்துக்குப் பிறகு அப்பா கட்டளையிடும் குரலை நான் கேட்டேன்.

“எண்ணெய்ல இருந்து கால எடு.” அண்ணன் காலை எடுத்தார். இயந்திரத்தின் உறுமல் அடங்கியது; ஊளை அடங்கவில்லை. வேகம் குறையக் குறைய அதன் சுருதி மட்டும் இறங்கியது. “இஞ்சின் இல்ல, கியர்பாக்ஸும் இல்ல. சக்கரத்தோட சுத்துற சத்தம்” என்றார் அப்பா.

“பின்னால யாரும் இல்லைன்னா லைன் மாத்து. இப்ப திரும்ப இந்தப் பக்கம்.” அண்ணன் கண்ணாடியைப் பார்த்துச் சமிக்ஞை கொடுத்து மெல்ல மாற்றினார். அப்பா தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். “பேரிங் கெட்டிருந்தா ஒரு பக்கம் பாரம் சாயும்போது சத்தம் ஏறும், இன்னொரு பக்கம் சாய்ஞ்சா இறங்கும். இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு.”

சற்றுத் தூரத்தில் புதிதாகத் தார் போட்ட பகுதி வந்தது. ஊளை பாதியாகக் குறைந்தது. மறுபடி பழைய தார், மறுபடி ஊளை. “பார்த்தியா, பேரிங்குக்குத் தார் புதுசா பழசான்னு தெரியாது. டயருக்குத்தான் தெரியும்.”

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கோத்தா டாருல் ஏசான் வளைவைக் கடந்து கோலாலம்பூருக்குள் நுழையும்வரை காடிக்குள் அந்த ஊளையைத் தவிர வேறு சத்தமில்லை. எப்போது வளைவைக் கடந்தோம் என்று அப்பாவுக்கு நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாலங்களின் இணைப்பில் சக்கரம் ‘டக் டக்’ என்று ஏறி இறங்குவதை எண்ணியே எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடுவார். அந்தச் சாலையை அவர் இருபத்தெட்டு ஆண்டு காதாலும் ஓட்டியிருக்கிறார்.

அன்று மாலை வீட்டு வாசலில் அண்ணன் ஜேக் போட்டு, அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுத்து, முன் இடது சக்கரத்தைக் கழற்றினார். முன்டயரைப் பின்னாலும் பின்டயரைப் முன்னாலும் மாற்றிப் பார்ப்பது அவர் திட்டம். சத்தம் பின்னால் நகர்ந்தால் குற்றவாளி டயர்தான் என்று உறுதியாகிவிடும். “முதல்ல என் கையில குடு” என்றார் அப்பா. நாற்காலிக்கு முன்னால் டயரை நிறுத்தினோம்.

அப்பா உள்ளங்கையை டயரின் மேல் வைத்து, அது உருளும் திசையில் மெல்லத் தடவினார். பிறகு எதிர்த் திசையில். பிறகு குறுக்கே, வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கமாக. மீண்டும் உள்ளிருந்து வெளியே. “இங்க வா” என்று என்னைக் கூப்பிட்டு என் கையைப் பிடித்து வைத்தார். ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கிக்கொண்டு போனது. மறுபக்கமாகத் தடவினால் ரம்பத்தின் பல்லைத் தொட்டதுபோல ஒவ்வொரு கட்டையும் விரலில் தடுக்கியது. கண்ணால் பார்த்தால் எல்லாக் கட்டைகளும் ஒரே உயரமாகத்தான் தெரிந்தன!

பிறகு அப்பாவின் விரல்கள் டயரின் உள்விளிம்புக்கு நகர்ந்தன. காடியில் மாட்டியிருக்கும்போது நம் கண்ணுக்குத் தெரியாத விளிம்பு அது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். ஆட்காட்டி விரலில் ஒரு பொட்டு இரத்தம்.

“கம்பி” என்றார்.

அண்ணன் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தார். உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு இரப்பரே இல்லை. துணி இழையும், அதற்கடியில் மெல்லிய எஃகுக் கம்பிகளும் நரம்புபோலத் துருத்திக்கொண்டிருந்தன. வெளிப்பக்கத்தில் பூ இன்னும் பாதிக்கு மேல் இருந்தது. நம் நாட்டில் டயர்ப் பூவின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்த யாரும் இந்த டயரை நல்ல டயர் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்த டயரில்தான் அன்று காலை எண்பதில் போய், மாலை எண்பதில் திரும்பியிருந்தோம். வலது டயரும் ஏறக்குறைய அதே நிலைதான். அண்ணன் டயரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தார். அப்பா அவரைத் திட்டவில்லை. “நல்ல வேள, சத்தம் போட்டுச்சு” என்று மட்டும் சொன்னார்.

இது ஏன் நடந்தது? இயற்பியல் படிக்கும் மாணவி என்பதால் விடுதிக்குத் திரும்பியதும் இதை எழுதி வரைந்து பார்த்தேன். காடியைத் தாழ்த்தும்போது சக்கரங்களின் மேல்பகுதி உட்பக்கமாகச் சாய்கிறது. இதைத்தான் பட்டறையில் ‘கேம்பர்’ என்கிறார்கள். கால் ஒரு பக்கமாக வளைந்தவரின் செருப்பு ஒரு பக்கம் மட்டும் தேய்வதைப்போல, டயரின் உள்விளிம்பு அதிகப் பாரத்தைத் தாங்கித் தேய்கிறது. ஆனால், கேம்பர் மட்டும் இவ்வளவு வேகமாக டயரைத் தின்றுவிடாது. அதற்குத் துணைபோனது ‘டோ’ எனப்படும் இன்னொரு கோணம். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் மூக்கும் நேராக இருக்கின்றனவா, வெளியே விரிந்திருக்கின்றனவா என்பதுதான் அது. ஸ்டீயரிங் தண்டும் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையும் வெவ்வேறு நீளத்தில் வெவ்வேறு வட்டத்தில் அசைபவை. காடியின் உயரம் மாறினால் இவை இரண்டும் ஒரே அளவு நகர்வதில்லை. சக்கரத்தின் மூக்கு திரும்பிவிடுகிறது. தாழ்த்திய பிறகு எலைன்மெண்ட் பார்க்காமல் விட்டால் காடி அப்படியே ஓடும்.

பாதங்களை வெளியே திருப்பி வைத்துக்கொண்டு நேராக நடந்து பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் செருப்பு தரையில் இழுபடும். ஒரு சக்கரம் அரை பாகை திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது 8 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய 300 மீட்டர்! உப்புத்தாளில் தேய்த்ததுபோலத்தான். அந்தத் தேய்ப்பில் ஒவ்வொரு இரப்பர்க் கட்டையின் ஒரு முனை சரிவாகவும் மறுமுனை கூராகவும் ஆகிவிடுகிறது. அப்பாவின் உள்ளங்கை கண்டுபிடித்த ரம்பம் அதுதான்.

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. அண்ணனின் டயர் ஒரு முறை சுற்றினால் காடி 1.8 மீட்டர் நகரும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 12 முறை சுற்றும். சுற்றளவில் அறுபது கட்டைகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், வினாடிக்கு 700-க்கும் மேற்பட்ட கூர்முனைகள் தாரை அறைகின்றன. அது நம் காது நன்றாகக் கேட்கக்கூடிய ஒலி. புது டயரில் இந்தக் கட்டைகளை வேண்டுமென்றே வெவ்வேறு நீளத்தில் செய்து, ஒலி ஒரே சுருதியில் குவியாமல் கலைத்துவிடுகிறார்கள். சீரற்ற தேய்மானம் அந்த ஏற்பாட்டைக் கெடுத்துவிடுகிறது. போதாததற்குத் தாழ்த்திய ஸ்பிரிங்கோடு பழைய அப்சாபரையே விட்டிருந்ததால், அதுவும் எண்ணெய் கசிந்து ஓய்ந்துபோயிருந்தது. அப்சாபர் அடக்காத சக்கரம் சாலையில் துள்ளும். துள்ளும் டயர் ஆங்காங்கே குழி குழியாகத் தேயும். அதற்கும் சேர்த்துத்தான் ஊளை.

மறுநாள் அண்ணன் வேலைக்கு மோட்டாரில் போனார். வார இறுதியில் பின்சக்கரங்களை முன்னால் போட்டு, உதிரிச் சக்கரத்தையும் இரவல் வாங்கிய ஒரு சக்கரத்தையும் பின்னால் மாட்டி, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் ஒரு சீனத் தவுக்கேயின் பட்டறைக்கு மெதுவாக ஓட்டிப்போனோம். அப்பாவையும் அழைத்துப்போனோம். அண்ணன்தான் கூப்பிட்டார். “நீங்களும் வாங்கப்பா. அவன் என்ன சொல்றான்னு கேளுங்க.”

தவுக்கே இரண்டு வழி சொன்னார். காடி தாழ்வாகவே இருக்க வேண்டுமென்றால், தாழ்ந்த ஸ்பிரிங்குக்கு ஏற்ற அப்சாபர் போட்டு, கேம்பரைத் திருத்தும் ஆணி வைத்து, டோவைச் சரிசெய்து, அடிக்கடி டயரை முன்பின்னாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அல்லது பழைய ஸ்பிரிங்கைப் போட வேண்டும். செலவு வித்தியாசத்தையும் சொன்னார். எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம்; அவருக்குத் தெரிந்துவிட்டது போலும். “காடி உன்னோடது. உன் இஷ்டம். டயர் தரையில முழுசா உக்காரணும், அவ்வளவுதான்” என்றார்.

பழைய ஸ்பிரிங்குகளை அண்ணன் அரிசிச் சாக்கில் கட்டிப் பின்கட்டு ஸ்டோரில் வைத்திருந்தார். வீட்டுக்குப் போய் எடுத்துவந்தார். “அப்பா ஏறி இறங்கக் கஷ்டமா இருக்கு. தலைய இடிச்சிக்கிறாரு” என்று என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். எத்தனை முறை இடித்துக்கொண்டார் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு புது டயர் 380 ரிங்கிட். முன் அப்சாபர் இரண்டும் 260. கூலி, எலைன்மெண்ட், பெலன்சிங் சேர்த்து 150. மொத்தம் 790 ரிங்கிட். வீணாய்ப்போன பேரிங் காசு தனி. எலைன்மெண்ட் இயந்திரத்தின் திரையில் சிவப்பாக இருந்த எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. அந்த எண்களை அப்பாவுக்கு நான் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். தவுக்கே அப்பாவிடம் மலாயில், “எந்தப் பட்டறையில் வேலை செய்தீர்கள்?” என்று கேட்டார். “வேலை செய்யல, லோரிதான் ஓட்டினேன்” என்றார் அப்பா. சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் கூட்டரசு நெடுஞ்சாலையில் காடி சத்தமில்லாமல் ஓடியது என்று எழுத ஆசைதான். பின்டயர்களில் இன்னும் கொஞ்சம் முனகல் இருந்தது. அவை தேய்ந்து சமமாகும்வரை இருக்கும் என்று அப்பா சொன்னார். அதுபோதும். வானொலிப் பாட்டு கேட்டது. அப்பாவும் அண்ணனும் பேசிக்கொண்டு வந்ததும் பின்னிருக்கையில் எனக்குத் தெளிவாகக் கேட்டது. துறைமுகத்தில் எந்த வாயிலில் எப்போது நெரிசல், எந்த மேட்டில் லோரி திணறும் என்றெல்லாம் பேசினார்கள்.

நண்பர்களே, நம்மில் பலர் இரண்டாம் கை, மூன்றாம் கை வாகனத்தில் பல்கலைக்கழகத்துக்கு வந்துபோகிறோம். அழகுக்காகத் தாழ்த்துபவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. உயரத்தை மாற்றினால் அன்றே எலைன்மெண்ட் பாருங்கள். டயர் ஊளையிட்டால் பேரிங்குக்குக் காசு கொடுக்கும் முன் அப்பா செய்த சோதனைகளைப் பாதுகாப்பான இடத்தில் செய்து பாருங்கள். மாதம் ஒரு முறை, காடியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து, டயரின் உள்விளிம்பை விளக்கடித்துப் பாருங்கள். தொடும்போது மட்டும் கம்பி இருக்கிறதா என்று கவனம்.

கண் பார்க்கும் பக்கத்தில் எல்லாம் நன்றாக இருக்க, பார்க்காத பக்கத்தில் தேய்ந்துகொண்டிருப்பது டயர் மட்டும்தானா? முன்வாசல் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவருக்குத் தெரிந்த வேலை ஒன்று பழுதாகிக் கிடக்கும்போது, அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். என் அப்பா இப்போது வெண்கோலோடு எங்கள் தாமான் முனையிலிருக்கும் கடைவரை தனியாகப் போய் நாளிதழ் வாங்கி வருகிறார். வந்ததும் அதை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். விடுமுறை முடிந்துவிட்டால் அந்த வேலை அண்ணனுக்கு. தமிழ்ப்பள்ளியில் படித்த ஆறாண்டுகளுக்குப் பிறகு தமிழே வாசிக்காதிருந்த அண்ணன், இப்போது எழுத்துக்கூட்டித் தலைப்புச் செய்தியிலிருந்து மரண அறிவித்தல்வரை வாசிக்கிறார். தப்பாக வாசித்தால் அப்பா உடனே திருத்துகிறார். காது அவ்வளவு கூர்மை!